புஷ்னெல் டூர் வி6 ஷிஃப்ட்: கொடியில் பட்டதா, மரத்தில் பட்டதா?

கோல்ஃபுக்கு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) வாங்க நினைப்பவர்கள் முதலில் துல்லியத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். 2023இல் வந்த புஷ்னெல் டூர் வி6 ஷிஃப்டில் அந்தக் கவலை தேவையில்லை. ஒரு யார்டு கூடலாம் அல்லது குறையலாம், அவ்வளவுதான் என்று நிறுவனம் சொல்வதை நம்பலாம். லேசர் துடிப்பு எதிலோ பட்டுத் திரும்பும் நேரத்தைக் கருவி அளக்கிறது. ஒரு யார்டு தூரம் போய்வர ஒளிக்கு ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு போதும். அதையே அளக்க முடிகிற கருவி தூரத்தில் தவறுவதில்லை. தவறு நடப்பது, அந்த ஒளி எதில் பட்டது என்பதில். குழியும் கொடியும் உள்ள க்ரீனுக்குப் பின்னால் இருக்கும் யூகலிப்டஸ் மரத்தை மிகத் துல்லியமாக அளந்துகொண்டு, கொடிக்கு அடிப்பதாக நினைத்து இரண்டு கிளப் கூடுதலாக, அதாவது இரண்டு படி அதிக தூரம் போகும் மட்டையை எடுத்து அடிப்பவர்கள் எல்லா மைதானத்திலும் உண்டு.

இதற்குப் புஷ்னெல் கொடுக்கும் விடை பின்சீக்கர். பார்வைக்குள் பல பொருள்கள் இருந்தால் அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும். கொடியைப் பிடித்ததும் கருவி அதிரும், கண்ணாடிக்குள் சிவப்பு வளையம் மின்னும். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்த அதிர்வை முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடிக்கு முன்னால் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் அதே அதிர்வுதான். சரிபார்க்க எளிய வழி: கொடியை அளந்த கையோடு பின்னால் இருக்கும் மரத்தையும் தனியாக அளந்துவிடுங்கள். 152, 178 என்று இரண்டு எண் வந்தால் முதலாவது கொடி. இரண்டு முறையும் 178 என்றே வந்தால் கொடி இன்னும் கிடைக்கவில்லை. பொத்தானை விடாமல் அழுத்தியபடி இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினால் எண்கள் மாறிக்கொண்டே வரும். அதில் சட்டென்று குறைந்து நிற்கும் எண்தான் தேவை. கம்பத்தின் மேல்பகுதியில் லேசரைத் திருப்பியனுப்பும் ப்ரிஸம் பொருத்திய மைதானங்களில் இந்தச் சிரமம் பெரிதாக இல்லை. கொடித்துணியை விடக் கம்பத்தின் அந்தப் பகுதியைக் குறிவைப்பது நல்லது.

கருவி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கண் வைக்கும் பக்கத்தில் உள்ள வளையத்தைத் திருப்பித் திரையில் தெரியும் எழுத்துகளைக் கூர்மையாக்குவது. பலர் இதைச் செய்யாமலேயே ‘மங்கலாகத் தெரிகிறது’ என்று குறைசொல்கிறார்கள். கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். உருப்பெருக்கம் 6 மடங்கு, அதாவது கை நடுக்கமும் 6 மடங்கு. 200 யார்டுக்கு மேல் ஒற்றைக் கையால் பிடித்தால் விரல் பருமன் கம்பத்தில் குறி நிற்காது. இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு நிறுத்திய நிலையில் பொத்தானை அழுத்த வேண்டும். கொடி 500 யார்டுக்கு மேலும் கிடைக்கும் என்கிறார்கள். விளையாட்டில் 250க்கு மேல் கொடியை அளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் அபூர்வமாகத்தான் வரும்.

அலகைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரில் இருப்பது தெரியாமல் 150 என்று படித்தால் உண்மையில் அது 164 யார்டு. பந்து க்ரீனுக்கு முன்னால் உள்ள மணற்குழியில், அதாவது பங்கரில்தான் விழும்.

இனி ஸ்லோப், அதாவது ஏற்ற இறக்கத்துக்கான திருத்தம். வி6க்கும் வி6 ஷிஃப்டுக்கும் உள்ள சுமார் 100 டாலர் வித்தியாசம் இதற்காகத்தான். கருவி சாய்வுக் கோணத்தை அளந்து, ‘இந்த அடி எத்தனை யார்டாக ஆடும்’ என்று இரண்டாவது எண்ணைக் காட்டும். இதை வெறும் முக்கோணக் கணக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. 150 யார்டு தூரத்தில் 5 டிகிரி ஏற்றம் என்றால் கிடைமட்டத் தூரம் 149.4. அரை யார்டுக்கும் சற்று மேல்தான் வித்தியாசம், அதற்காக யாரும் கிளப் மாற்ற மாட்டார்கள். முக்கியம் உயரம். அதே 5 டிகிரியில் க்ரீன் 13 யார்டு மேலே இருக்கிறது. பந்து தன் வளைவை முடிப்பதற்குள் தரை அதைச் சந்தித்துவிடுகிறது. ஒரு யார்டு உயரத்துக்கு ஒரு யார்டு என்ற பழைய வாய்க்கணக்குப்படி 163. கருவி, சராசரியான பந்துப் பாதைகளை வைத்து இந்தக் கணக்கைத் தானே போடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது அந்தச் ‘சராசரி’தான். பந்தை மிகத் தாழ்வாக அடிப்பவருக்கு ஏற்றத்தில் இந்தத் திருத்தம் போதாமல் போகும்.

சென்னையில் காஸ்மோ மாதிரியான சமதள மைதானத்தில் மட்டும் ஆடுபவருக்கு ஸ்லோப் வீண்செலவு என்பேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவருக்கு அது தேவை. ஆனால் அங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது, இந்தக் கருவிக்கு அது தெரியாது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 7,300 அடியை ஒட்டிய உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, பந்து சுமார் 8 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். சென்னையில் 150 யார்டு போகும் ஐயர்ன் கிளப் ஊட்டியில் 162 போகும். குளிர்ந்த காலையில் மூன்று நான்கு யார்டு குறைத்துக்கொள்ளலாம். ஆகவே ஸ்லோப் 163 என்று காட்டும் அந்த ஏற்றத்துக்குச் சென்னையின் 150 கிளப்பே ஏறக்குறைய போதும். இறக்கத்திலோ சாய்வும் அடர்த்தி குறைந்த காற்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும். ஸ்லோப் எண்ணை மட்டும் நம்பினால் பந்து க்ரீனைத் தாண்டிவிடும். வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் கணக்கில் எடுப்பது இதே நிறுவனத்தின் ப்ரோ எக்ஸ்3. அதன் விலை வேறு மட்டத்தில் இருக்கிறது. 8 சதவீதத்தை மனக்கணக்காகப் போட முடிகிறவருக்கு ஷிஃப்டே போதும்.

மலை மைதானத்தில் லேசரின் நிஜமான எதிரி மூடுபனி. துடிப்பு நீர்த்துளிகளிலேயே பட்டுத் திரும்பிவிடும். 30, 40 என்று பொருந்தாத எண் வரும், அல்லது எதுவும் வராது. இது பழுது இல்லை, எந்த நிறுவனத்தின் லேசரும் இதைத் தாண்டாது. மேட்டுக்கு அப்பால் கொடி மறைந்திருக்கும் அடிகளிலும் லேசர் கைவிரிக்கும். இந்த இரண்டு இடத்திலும் ஜிபிஎஸ் கைக்கடிகாரம்தான் உதவும். கார்மின் அப்ரோச் எஸ்12 போன்ற எளிய வகையே க்ரீனின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு மூன்றையும் காட்டிவிடும். இந்த மூன்று எண்களின் மதிப்பை லேசர்க்காரர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். கொடி 152 என்று தெரிந்தால் மட்டும் போதாது. முன்விளிம்பு 148 என்றால் நான்கு யார்டு குறைந்தாலே பந்து பங்கருக்குள் போய்விடும். பின்விளிம்பு 175 என்றால் ஒரு கிளப் கூடுதலாக எடுப்பதுதான் புத்தி. லேசரை மட்டும் வைத்திருப்பவர் பங்கரின் மேல்விளிம்பையாவது அளந்துகொள்ள வேண்டும். தட்டையான புல்லை அளக்க முயன்றால் ஒளி சறுக்கிப் போய்விடும், நிமிர்ந்து நிற்கும் விளிம்பைத் தேடுங்கள். கடிகாரத்துக்கும் குறை உண்டு. சில மீட்டர் பிசகும், கொடி இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தற்காலிக க்ரீனில் ஆடும் நாள்களில் பழைய வரைபடத்தையே காட்டும். 42,000க்கும் மேற்பட்ட மைதானங்கள் இருக்கின்றன என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்காமல், நீங்கள் ஆடும் மைதானம் அதில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

கருவியின் பக்கவாட்டிலுள்ள ‘பைட்’ என்ற காந்தம் கோல்ஃப் வண்டியின் இரும்புக் கம்பியில் உறுதியாக ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. ஒட்டியதாக நினைத்துக் கையை எடுத்தால் கருவி தரையில். நீர்காப்புத் தரம் ஐபிஎக்ஸ்6, மழையைத் தாங்கும், குட்டையில் விழுந்தால் உத்தரவாதம் இல்லை. பேட்டரி சிஆர்2 வகை, 3 வோல்ட் லித்தியம். கேமரா கடையில் கிடைக்கும். கேட்கும்போது ‘சிஆர்2’ என்று அழுத்திச் சொல்லுங்கள், சிஆர்123ஐக் கொடுத்தால் பொருந்தாது. பையில் ஒன்று எப்போதும் உபரியாக இருக்கட்டும்.

போட்டியில் ஆடுபவர்கள் கோல்ஃப் விதிகளில் 4.3ஏ விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 முதல் தூரம் அளக்கும் கருவி பொதுவாக அனுமதி. ஆனால் நடத்துகிற குழு உள்ளூர் விதி போட்டுத் தடுக்கலாம், அதனால் டீக்கு (முதல் அடி அடிக்கும் இடத்துக்கு) போகுமுன் விதித் தாளைப் படியுங்கள். ஏற்ற இறக்கத்தை அளப்பது விதிமீறல்: மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளேயில் முதல் முறை இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, மறுமுறை தகுதி நீக்கம். ஸ்லோப் உள்ள கருவியை வைத்திருப்பதில் தவறில்லை, அந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள ஸ்விட்சை நகர்த்தினால் ஸ்லோப் அணைந்துவிடும். முந்தைய நாள் பயிற்சியில் போட்டது அப்படியே இருக்கும் என்பதால், முதல் டீயில் ஒருமுறை எதையாவது அளந்து, ஒற்றை எண் மட்டும் வருகிறதா என்று பார்த்துவிடுவது பாதுகாப்பு. நால்வரில் ஒருவரிடம் கருவி இருந்தாலும் போதும். தூரம் பொதுத்தகவல் என்பதால் எதிராளியிடம் கேட்பதும் அவருக்குச் சொல்வதும் விதிக்கு உட்பட்டதே. எந்தக் கிளப் என்று மட்டும் கேட்கக் கூடாது.