குதிரைகளுக்கு மின்வேலி போட்டு ஏழு வருஷம் ஆகிறது

முதலில் எங்களிடம் இருந்தது முள்கம்பிதான். எங்களுக்கு முன்னால் அந்த நிலத்தில் மாடு வைத்திருந்தவர்கள் போட்டது, நல்லாத்தானே இருக்கிறது, எதற்குப் பிடுங்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். மாடு முள் குத்தினால் பின்வாங்கிவிடும். குதிரை மிரண்டால் முதலில் ஓடும், கால் மாட்டியிருந்தால் இன்னும் வேகமாக இழுக்கும். எங்கள் செவலைப் பெட்டை கம்பிக்கு அந்தப் பக்கத்துப் புல்லுக்காக முன்னங்காலால் பிறாண்டி, அதில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே தோல் சுருண்டு தொங்கியது. அந்த இடத்தில் சதை என்று ஒன்றும் கிடையாது, தோல், நரம்பு, எலும்பு அவ்வளவுதான், அதனால் ஆறுவதும் லேசில் இல்லை. ஐந்து மாதம் கட்டு மாற்றினோம்.

அதற்கப்புறம் போட்டதுதான் இந்த மின்வேலி. மரக்கம்பங்கள், மின்சாரம் ஓடுகிற வெள்ளை நாடா மூன்று வரிசை, 40 மில்லிமீட்டர் அகலம், மேல் வரிசை 1.4 மீட்டர் உயரத்தில். அகல நாடாவை எடுத்ததற்குக் காரணம் குதிரையின் கண். இரண்டு பக்கமும் நன்றாகப் பார்க்கும், மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச இடம் அதற்குத் தெரியவே தெரியாது. நாலுகால் பாய்ச்சலில் வருகிற குதிரைக்கு மெல்லிய கம்பி இருப்பதே தெரியாமல் போகும். சிவப்பும் பச்சையும் அதற்குப் பிரித்துத் தெரியாது, ஆகவே அழகாக இருக்கிறதே என்று பச்சை நாடா வாங்கிப் புல்வெளியில் கட்டாதீர்கள்.

எனர்ஜைசர், அதாவது வேலிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி, சுமார் நொடிக்கு ஒரு தடவை ஒரு துடிப்பு அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் துடிப்பு கண் இமைப்பதைவிடக் குறைவான நேரமே நீடிக்கும், சுரீர் என்று அடிக்கும், சாதாரணமாக ஆளைக் கொல்லாது. வீட்டு கரண்ட்டை நேராகக் கம்பியில் கொடுப்பது வேறு விஷயம். அது குதிரையையும் கொல்லும், வேலியைத் தொடுகிற பிள்ளையையும் கொல்லும். முள்கம்பியில் எனர்ஜைசரின் துடிப்பைக் கொடுப்பதும் கூடாது, மாட்டிக்கொண்ட உயிர் விடுபடவே முடியாது.

முதல் கோடையிலேயே வேலி ஏமாற்றிவிட்டது. எங்கள் மட்டக்குதிரை ஒரு கள்ளன். பிடரி அடர்த்தியாக இருப்பதால் அங்கே அடி உறைக்காது, மீசை முடியை நாடாவுக்கு விரல் அகலத்தில் கொண்டுபோய் நிறுத்திச் சும்மா நிற்பான், அப்புறம் ஒருநாள் நிதானமாகத் தலையைக் கீழே விட்டு வெளியே வந்துவிட்டான். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் கடைசிக் கம்பத்தில் 1,200 வோல்ட். குதிரைக்கு வேலியின் கடைசி வரை 3,000க்கு மேல் வேண்டும். எனர்ஜைசர் கெட்டுவிட்டது என்று கழற்றிக் கொண்டுபோனேன், அதில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து, எனர்ஜைசரிலிருந்து மண்ணுக்குள் அடித்திருந்த எர்த் கம்பியைத் தொட்டுப் பார்த்தால் சுருக் சுருக் என்று குத்துகிறது. எர்த் சரியாக இருந்தால் அங்கே ஒன்றுமே தெரியக் கூடாது. மண் காய்ந்து கல்லாகக் கிடந்தது, நான் அடித்திருந்ததோ ஒரே ஒரு கம்பி. ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று கம்பி, மூன்று மீட்டர் இடைவெளி விட்டு, ஈரம் நிற்கிற தண்ணீர்த் தொட்டி ஓரமாக அடித்தேன். அன்று சாயங்காலமே 5,000 காட்டியது. மட்டக்குதிரை மறுநாள் மூக்கை நீட்டினான், ஒரு கனைப்பு, அவ்வளவுதான்.

நாடாவில் எனக்குப் பிடிக்காதது காற்று. படபடவென்று அடித்து இன்சுலேட்டரில் தேய்ந்து, உள்ளே ஓடுகிற மெல்லிய எஃகு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், அதற்கு மேல் கரண்ட் போகாது. கம்பத்துக்குக் கம்பம் நாடாவை இரண்டு முறுக்கு முறுக்கிக் கட்டினால் படபடப்பு குறைகிறது, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாலாவது வருஷம் காற்று அடிக்கிற பக்கத்தில் மட்டும் மின்கயிறாக மாற்றினேன், இன்றுவரை தொல்லை இல்லை. ஒட்டுப் போடுகிற இடத்தில் முடிச்சுப் போடாமல் உலோக இணைப்பான் போடுங்கள், முடிச்சில் பொறி பறந்து நாடாவே கருகும். புல் வளர்ந்து கீழ்வரிசையைத் தொட்டாலும் வோல்ட் இறங்கும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அரிவாளோடு சுற்றி வருகிறேன்.

மூலைகளை வளைத்துக் கட்டியது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். செவலை துரத்தும்போது மட்டக்குதிரை மூலையில் சிக்காமல் வளைந்து ஓடிவிடுகிறான்.

இத்தனையும் செய்துவிட்டு கேட்டில் கோட்டைவிட்டேன். தாழ்ப்பாளை உதட்டால் தள்ளித் திறக்க மட்டக்குதிரைக்கு ஒரு வாரம்தான் பிடித்தது, சங்கிலி போட்டதும் அது நின்றது. ஆனால் பூட்டெல்லாம் தாழ்ப்பாள் பக்கம். மூன்றாவது வருஷம் ஒரு ராத்திரி யாரோ கேட்டைக் கீலிலிருந்து அப்படியே மேலே தூக்கிக் கழற்றிப் புல்லில் சாய்த்து வைத்திருந்தார்கள், பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது. திருட வந்தவர்களா, விளையாட்டா தெரியாது. இரண்டும் சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்தன, நல்லவேளை வண்டி ஏதும் வரவில்லை. இப்போது மேல் கீலின் முளையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன், தூக்கினால் வராது. கீல் பக்கமும் ஒரு சங்கிலியும் பூட்டும்.

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் கழுத்தில் மைக்ரோசிப் போட்டோம். 15 இலக்க எண், அரிசி மணி அளவு. சிப்பில் இருப்பது எண் மட்டும்தான், உங்கள் போன் நம்பர் பதிவேட்டில் இருக்கிறது, நம்பரை மாற்றினால் அங்கேயும் மாற்ற வேண்டும் (நான் ஒன்றரை வருஷம் மறந்திருந்தேன்). நாலு பக்கமும் போட்டோ எடுக்கும்போது சுழிகளையும் கிட்டத்தில் எடுத்து வையுங்கள், நிறம் ஒன்றாக இருந்தாலும் சுழி ஒன்றாக இருக்காது.

மேய விடும்போது தலைக்கயிறைக் கழற்றிவிடுகிறேன், கம்பத்தில் மாட்டி இழுத்தால் கழுத்து போகும். வேலியோரம் இருந்த அரளியை வேரோடு தோண்டி எடுத்தேன், காய்ந்த இலைகூட விஷம்.

எனர்ஜைசருக்குப் பேட்டரி இது மூன்றாவது. முதலாவது சார்ஜ் அடியோடு இறங்க இறங்க விட்டதால் சீக்கிரம் செத்தது. டெஸ்டர் இப்போது தீவன வாளி பக்கத்து ஆணியில் தொங்குகிறது, காலையில் வாளியை எடுக்கும்போது கை தானாக அதையும் எடுக்கும். இன்று 4,600.