ஒத்த சீட்டு பவர்டு பாராசூட்: டிசைன் அருமை, ஏற்காடு மலைக்கு மட்டும் வேண்டாம்

வாழப்பாடி பக்கம் நண்பர் ஒருத்தர் பவர்டு பாராசூட், அதாவது பாராசூட் துணிக்குக் கீழ தொங்கிட்டு இஞ்சின்ல பறக்கற வண்டி ஒண்ணு வாங்கி வெச்சிருக்காருங்க, கிட்ட உக்காந்து நட்டு போல்ட்டு வரைக்கும் பாத்தாச்சு. பாராமோட்டர்னு நெனச்சுக்காதீங்க, அது இஞ்சின முதுகுல மாட்டிட்டு ஓடறது, இது மூணு சக்கர வண்டி, நாம உக்காந்துக்கலாம், டூ ஸ்ட்ரோக் இஞ்சினும் ஃபேனும் பின்னாடி கூண்டுக்குள்ள.

எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், வேகத்த நாம முடிவு பண்றதே இல்ல. கேனோபி, அதான் மேல விரியற பாராசூட் துணி, அதோட சைஸும் மொத்த வெயிட்டும் சேந்து முடிவு பண்ணிடுது, மணிக்கு 45, 50 கிலோமீட்டர் அவ்ளோதான். த்ராட்டில் குடுத்தா வேகம் கூடாது, மேல ஏறும், கொறச்சா எறங்கும். கால்ல ரெண்டு பார் இருக்கு, வலது பார மிதிச்சா கேனோபியோட வலது பின் ஓரம் கீழ இழுபட்டு அந்தப் பக்கம் திரும்பும். வெயிட்டு பூரா கீழ தொங்கறதால ஆடினாலும் தானா நேராயிக்குது, இஞ்சின் நின்னாலும் கேனோபி விரிஞ்சபடியே எறங்கலாம். புதுசா கத்துக்கறவங்களுக்கு இதவிட பதமான டிசைன் கெடையாதுன்னு அடிச்சு சொல்வேன்.

கொறைன்னா அந்த முறுக்கு விசை, அதாவது ஃபேன் ஒரு பக்கம் சுத்தறப்ப வண்டிய எதிர்ப்பக்கம் திருப்பப் பாக்கறது. 1980கள்ல அமெரிக்காவுல ஸ்டீவ் ஸ்னைடர் கொண்டு வந்த பாராபிளேன்ங்கற பவர்டு பாராசூட்ல ரெண்டு சின்ன இஞ்சின், ரெண்டு ஃபேனும் எதிரெதிரா சுத்தும், முறுக்கு ஒண்ணோட ஒண்ணு அடிபட்டுப் போயிடும். நண்பரோட வண்டில ஒரே இஞ்சின், அதுக்காக வண்டி கேனோபில மாட்டித் தொங்கற எடத்த ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்காங்க, சாதா ஓட்டத்துக்கு சரியா இருக்கு, ஆனா ஃபுல் த்ராட்டில்ல ஒரு பக்கமா இழுக்குது, அப்ப காலால தாங்கிப் புடிக்கணும். ரெண்டு இஞ்சின் போட்டா வெயிட்டு ஏறும்னு தெரியும், அமெரிக்காவுல அல்ட்ராலைட்னு சொல்ற ரொம்ப லேசான பறக்கற வண்டிகளுக்கான ரூல்படி காலி வண்டி 115 கிலோவுக்குள்ள இருக்கணும், டேங்க் 19 லிட்டருக்குள்ள, அந்தக் கணக்குல டிசைன் பண்றவங்க ஒவ்வொரு பைப்பையும் யோசிச்சுதான் வைக்கறாங்க.

ஏற்காட்டுல இருந்து கெளம்பலாமான்னு நெறைய பேர் கேக்கறாங்க. வேண்டாங்க. அங்க கிட்டத்தட்ட 1500 மீட்டர் ஒசரம், காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தவிட ஏழுல ஒரு பங்கு கொறைவு, டூ ஸ்ட்ரோக் தெணறும், கார்புரேட்டர்ல பெட்ரோல அளவா விடற ஜெட்டே மாத்தணும், ஓடி ஏற சமதளமும் கெடைக்காது. அதவிட முக்கியம் காத்து. வெயில் ஏறினதும் மலைச்சரிவுல காத்து மேல கெளம்பும், மலைக்கு அந்தப் பக்கம் சுழி போடும், அதுல கேனோபி மடங்கிடலாம். எதிர்காத்து 25 கிலோமீட்டர்னாலே நம்ம வேகம் பாதியாயிடுது, திரும்பி வர பெட்ரோல் பத்தாது. மலைய விட்டு நல்லா தள்ளி, காலைல வெயில் வர்றதுக்குள்ள ஓட்டிட்டு எறங்கிடுங்க.

பழசு வாங்கறதா இருந்தா இஞ்சினுக்கு முன்னாடி துணியப் பாருங்க, நம்மூரு வெயில்ல நைலான் சீக்கிரம் வலுவெழந்துடும், பறக்காத நேரம் பைக்குள்ளதான் இருக்கணும். ஓமலூர் பக்கம் காமலாபுரம் ஏர்போர்ட் இருக்கறதால பர்மிஷன் விஷயத்த முடிச்சுட்டு அப்பறம் அட்வான்ஸ் குடுங்க.