ஒரே நாற்காலியில் நான்கு ஆண்டுகள்: ஒரு காபி ஷாப் அனுபவம்

வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்க்கும் ஏற்பாடு 2020-இல் தொடங்கி, எங்கள் நிறுவனத்தில் அதுவே நிரந்தரமாகிவிட்டதால், அண்ணா நகரில் எங்கள் வீட்டருகே உள்ள ஒரு காபி ஷாப்புக்கு 2021 இறுதி முதல் வாரத்தில் மூன்று நாளாவது போய்வருகிறேன். காபிக்காக அல்ல. வீட்டு ஃபில்டரில் இறங்கும் டிகாஷனுக்கு அங்கே தரும் கப்புசினோ ஈடாகாது; 5 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்து 230 ரூபாய் நான் கொடுப்பது, தூணோரம் பிளக் பாயிண்டுடன் இருக்கும் நாற்காலிக்கான வாடகை.

அந்த நாற்காலியிலிருந்து எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை, பெண்ணும் மாப்பிள்ளையும் முதன்முறையாகச் சந்தித்துப் பேசிக்கொண்டிருக்க, பெண்ணின் தம்பி அடுத்த மேசையில் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தபடி மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். பஜ்ஜி சொஜ்ஜியோடு கூடத்தில் நடந்த காரியம் பிரவுனியோடு இங்கே நடக்கிறது.

வீடு, பணியிடம் இரண்டுக்கும் வெளியே மனிதர்கள் கூடும் இத்தகைய இடங்களை அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் 'மூன்றாம் இடம்' என்றார். அங்கே முதன்மையான செயல் உரையாடல் என்பது அவர் கருத்து. என் அனுபவம் சற்று வேறு. 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று டீக்கடைகளில் பலகை மாட்ட வேண்டியிருந்தது; இங்கே அதற்குத் தேவையே இல்லை, ஏனென்றால் பக்கத்து மேசையோடு யாரும் பேசுவதில்லை. ஆனாலும் பேசாமலே ஓர் உறவு உண்டாகிறது. நடுவிலிருந்த நீள மேசையில் தினமும் குறுக்கெழுத்துப் போடும் பெரியவரின் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. கழிவறைக்குப் போகும்போது, "சார், பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பார். டெங்குவால் நான் மூன்று வாரம் வராமலிருந்து திரும்பிய அன்று, "ஊர்ல இல்லையா?" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

யாருக்கெல்லாம் இந்த இடம் வாய்க்கிறது என்பதும் ஒரு கேள்வி. திருவல்லிக்கேணி முரளி கபேயில் இருந்த 'பிராமணாள்' பலகையை எதிர்த்து 1957-இல் பெரியார் போராட்டம் நடத்தினார். அப்படியொரு பலகை இங்கே இல்லைதான். ஆனால் ஆர்டர் எடுக்க வரும் டெலிவரி இளைஞர்கள் வெயிலில் வாசலிலேயே நிற்கிறார்கள், அவர்களில் ஒருவர்கூட உள்ளே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விலைப்பட்டியலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

குறைகளில் சில்லறையானது சேவைக் கட்டணம். அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்ற 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதிசெய்த பிறகும் பில்லில் அது வந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் நீக்கினார்கள். பெரிய குறை, இவ்வாண்டு நடந்த சீரமைப்பு. மடிக்கணினியோடு நெடுநேரம் அமர்பவர்களைக் குறைக்க எண்ணினார்கள் போலும், பாதி பிளக் பாயிண்டுகளை அடைத்து, நீள மேசையை எடுத்துவிட்டு, உயரமான ஸ்டூல்களைப் போட்டார்கள். என் தூணோர நாற்காலி தப்பியது. பெரியவரால் அந்த ஸ்டூலில் ஏற முடியவில்லை. வாசலோரச் சோபாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து என்னைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாததால், கழிவறைக்கும் இப்போது பையைத் தூக்கிக்கொண்டேதான் போகிறார்.