தனாக்கா: கட்டையா, டப்பாவா?

பர்மாவில் மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் தனாக்கா, ரங்கூன் கடைகளில் கட்டையாகவும், டப்பாவில் அடைத்த பசையாகவும், பொடியாகவும் கிடைக்கிறது. காசு கொடுக்கத் தகுந்தது கட்டைதான்.

ஷ்வேபோ கட்டை என்று ஊர்ப்பெயரைச் சொல்லி விலை ஏற்றுவார்கள். பெயரை விடுங்கள், வெட்டுமுகத்தைத் திருப்பிப் பாருங்கள். அரைபடுவது பட்டை, உள்ளே இருக்கும் மரத்துக்கு வேலையே இல்லை. பட்டை மெலிந்திருந்தால், கட்டை எவ்வளவு பருத்திருந்தாலும் வீண். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுரண்டினால் வாசனை மெதுவாக எழ வேண்டும். எடுத்தவுடனே சென்ட் வாடை தூக்கினால் கீழே வைத்துவிடலாம்.

அரைக்க, ஓரத்தில் வாய்க்கால் வெட்டிய வட்டக் கல் தனியாக விற்கிறது. வீட்டுச் சந்தனக்கல்லும் போதும். ஆனால் சந்தனம் இழைக்கிற பழக்கத்தில் முனையைத் தேய்த்தால் மரத்தூள்தான் வரும். கட்டையைப் படுக்கவைத்து, பட்டை கல்லில் படும்படி, அரை டீஸ்பூன் தண்ணீரில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பால்போல் வந்ததும் நிறுத்துங்கள். மீந்ததை மறுநாளைக்கு வைத்தால் புளித்துவிடும்.

முகத்தில் இது செய்யும் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. எண்ணெய்ச் சுரப்பி பெரும்பாலும் முடிக்குழியோடு ஒட்டியிருக்கும். எண்ணெய் அந்தக் குழி வழியாகவே மேலே வரும். உடலெங்கும் உள்ள சாதாரண வியர்வைச் சுரப்பிக்குத் தோலின் மேல் தனி வாய். தனாக்கா, மேலே வந்துவிட்ட எண்ணெயையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. நெற்றியும் மூக்கும் கொஞ்ச நேரம் மினுங்காது. உள்ளே சுரப்பதை அது குறைக்காது. முடிக்குழியில் எண்ணெயும் செத்த செல்களும் சேர்ந்து அடைத்த கரும்புள்ளியையும் கரைக்காது. "எண்ணெய்ப் பசையை அடியோடு நிறுத்தும்" என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. வெயிலுக்கும் இதை மட்டும் நம்பாதீர்கள், சன்ஸ்கிரீன் வேண்டும்.

மெல்லிசாகப் பூசுங்கள். குளிர்ச்சி தருவது ஈரம் ஆவியாவதுதான். காய்ந்தபின் தடிப்பால் லாபமில்லை. அப்பினால் வெடித்து உதிரும். கழுத்து மடிப்பில் வேர்க்குரு இருந்தால், அங்கே ஏற்கெனவே வியர்வைக் குழாய் அடைத்திருக்கிறது. அதன்மேல் கனமாகப் பூசக் கூடாது.

காய்ந்ததை உரிப்பதும் தவறு. புருவமும் காதோரப் பூனைமுடியும் சேர்ந்து பிடுங்கும். தண்ணீர் தொட்டு ஊறவைத்துக் கழுவினால் போதும். நகத்தடியில் சிக்கியதை ஊசியால் குத்தி எடுக்காதீர்கள், மெல்லிய பிரஷ் போதும். நகத்துக்கும் அடித்தோலுக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போனால் தண்ணீரும் பூஞ்சையும் நுழையும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. தான் வளரும், விட்டுப்போன ஒட்டு சரியாவதற்கு மாதக்கணக்காகும்.

டப்பாப் பசை பயணத்துக்குச் சரி. வாசனைத் திரவியம் சேர்த்ததானால், முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். கட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால், மழைக்காலத்தில் பட்டை பூசணம் பிடித்துவிடும். நிழலில் காயவிட்டு எடுத்துவையுங்கள்.