வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர்

2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது, தக்கலைக்கு அருகேயுள்ள எங்கள் வீட்டில், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது கைகொடுத்தது, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் சிறுவர் கதைகளுக்கான இலவச இணையதளம்.

கதைகள் வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதையே இதன் பெருஞ்சிறப்பாகக் கருதுகிறேன். வகுப்பைக் கணக்கில் கொள்ளாமல், அவளால் தடுமாறாமல் வாசிக்க முடிந்த முதல் நிலையிலிருந்தே தொடங்கினோம். ஒரு கதையைத் தானே முழுவதும் வாசித்து முடித்துவிட்ட மகிழ்ச்சிதான் அடுத்த கதையை அவளாகவே தேட வைத்தது. பல கதைகள் தமிழிலும் மலையாளத்திலும் கிடைப்பதால், விளவங்கோட்டிலிருந்து வந்திருந்த பாட்டி மலையாளத்தில் வாசிக்க, அதே கதையை இவள் தமிழில் வாசித்த மாலைப்பொழுதுகளை நான் இன்றும் நெகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன்.

மழைநாள்களில் இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும் எங்கள் பகுதியில், கதைகளை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளும் வசதி பேருதவியாக இருந்தது. நீளமான கதைகளைச் சிறிய கைப்பேசித் திரையில் வாசிப்பது பிள்ளைகளின் கண்களைச் சோர்வடையச் செய்யும் என்பதால், அவற்றை அச்செடுத்துக் கொடுப்பதே நல்லது. யாரும் இலவசமாகப் படியெடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கதைகள் வெளியாவதால் அதற்குத் தடையேதும் இல்லை.