கிளினிக் ஊசியா, வாய்க்குச்சியா? கொழும்பில் எச்.ஐ.வி சுயபரிசோதனை

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. பரிசோதனை இலவசம், சிகிச்சையும் இலவசம், வந்தவர் யார் என்ற விபரம் வெளியே போகாது. அப்படியிருந்தும் புறக்கோட்டையிலும் மருதானையிலும் பாலியல் தொழில் செய்யும் பெண்களில் பலர் அங்கே போகத் தயங்குகிறார்கள். கேட்டுப் பார்த்தால் ஊசி வலியைப் பற்றிய பேச்சே வராது. "உள்ளே நன்றாகத்தான் கவனிக்கிறார்கள், அக்கா. கேட்டுக்குள் நுழையும்போது தெரிந்த ஓட்டோக்காரர் யாராவது பார்த்துவிட்டால்?" என்பதுதான் பதில்.

இந்தப் பயத்துக்கு நேரடி மாற்று, வாயில் செய்யும் சுயபரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் 2016 டிசம்பரில் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்தது. ஓராகுவிக் என்ற வகையில் ஒரு தட்டையான குச்சி இருக்கும். மேல் ஈறில் ஒரு முறை, கீழ் ஈறில் ஒரு முறை தடவி, குப்பியிலுள்ள திரவத்தில் நிறுத்திவைக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு முன்னும் பார்க்கக் கூடாது, 40 நிமிடத்துக்குப் பின்னும் பார்க்கக் கூடாது. C என்ற எழுத்துக்கு நேரே ஒரு கோடு மட்டும் வந்தால் சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது, தொற்று தென்படவில்லை. T என்ற எழுத்துக்கு நேரே வரும் இரண்டாவது கோடு தொற்று இருக்கலாம் என்பதைக் காட்டும்; எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். லொட்ஜ் அறையின் மஞ்சள் பல்பில் அந்த மங்கலை யார் சரியாகப் பார்ப்பார் என்பது வேறு கேள்வி. சோதனைக்கு முந்திய 15 நிமிடம் எதுவும் உண்ணக் கூடாது என்பதால் வெற்றிலையையும் துப்பிவிட்டு வாயைச் சும்மா விடவேண்டும்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் 2012இல் இதற்கு அனுமதி கிடைத்தபோது வெளியான ஆய்வில், பயிற்சி இல்லாதவர்கள் தாங்களே செய்தபோது தொற்றுள்ளவர்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவரைக் குச்சி தவறவிட்டிருந்தது. கடந்த மூன்று மாதத்துக்குள் ஏற்பட்ட தொற்றும் தெரியாமல் போகலாம். கிளினிக்கில் நாளத்தில் எடுக்கும் இரத்தம் இதைவிட முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சுயபரிசோதனைகளும் உண்டு. அவை வேகமானவை, ஆனால் நடுங்கும் கையோடு தன் விரலில் தானே குத்துவதைப் பலர் விரும்புவதில்லை.

எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொரு வித்தியாசம். குச்சி எச்.ஐ.வியை மட்டுமே பார்க்கிறது. சிபிலிஸ், கொனோரியா பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கிளினிக்கில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்து மருந்தும் கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஒழுங்காகக் கிளினிக் போய்ப் பழகிய பெண் அதை விட்டுவிட்டுக் குச்சிக்கு மாறுவது நட்டம். போகவே போகாதவருக்குத்தான் குச்சி இலாபம்.

அதை யார் கொடுப்பது? உகண்டாவின் கம்பாலாவில் பாலியல் தொழிலாளரிடையே நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், அதே தொழிலிலுள்ள சக ஊக்குநர்கள் கையிலேயே கொடுத்தபோது ஒரு மாதத்துக்குள் நூற்றுக்கு 95 பேர் சோதித்திருந்தார்கள். வழக்கமான வழியில் அது 72 அளவில் நின்றது. ஆனால் தொற்று தெரிந்தவர்கள் சிகிச்சைக்குப் போவதில் அப்படியொரு பாய்ச்சல் தெரியவில்லை. குச்சி கதவு வரைதான் கொண்டுபோகிறது. இரண்டாவது கோடு வந்தாலும் அது முடிந்த முடிவில்லை, கிளினிக்கில் உறுதிப்படுத்தியே ஆகவேண்டும். இலங்கை போலத் தொற்று மிகக் குறைவான நாட்டில் தொற்று இல்லாமலே வரும் பொய்க் கோட்டுக்கும் இடமுண்டு.

அறைக்குள் தனியாகச் செய்வதால் இரகசியம் என்கிறார்கள். ஒரே அறையில் நால்வர் தங்குமிடத்தில் ஏது தனிமை? 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டத்தை வைத்துத் தெருவில் நிற்பவரைப் பிடிக்கும் ஊரில், கைப்பையில் ஆணுறை இருந்தாலே கேள்வி வரும் என்று அஞ்சுபவர் இந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடப்பாரா? அதைவிட எனக்கு உறுத்துவது முதலாளி. ஸ்பா நடத்துபவர் தானே பெட்டி வாங்கி, தன் முன்னாலேயே செய்யச் சொல்லலாம். வாடிக்கையாளர் ஒற்றைக் கோட்டைக் காட்டி ஆணுறை வேண்டாமென வாதாடலாம். கிளினிக்கில் இந்த இருவருக்கும் இடமில்லை.

சக தொழிலாளியின் கையால் வரும் வாய்க்குச்சிக்கே என் வாக்கு, அதுவும் கிளினிக் பக்கம் எட்டிப்பார்க்காதவர்களுக்கு. பெட்டியோடு தமிழ் பேசும் ஒருவரின் தொலைபேசி இலக்கமும் போகவேண்டும். அது இரவு பதினொரு மணிக்கும் யாராவது எடுக்கும் இலக்கமாக இருக்கவேண்டும். அலுவலக நேர இலக்கம் இந்தத் தொழிலுக்கு உதவாது.