செல்ஃப் எடுக்காத பழைய காரும் ஒரு டிசி கிளாம்ப் மீட்டரும்

பழைய கார் ஒன்று சாவியைத் திருப்பியும் கிளம்ப மறுத்தால், பெரும்பாலானவர்கள் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார்கள். அதன் பிறகும் பழைய கதையே தொடர்ந்தால்தான் ஒயரிங் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வயரைத் தாடையால் கவ்வி டிசி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை வாங்கினேன். கார்பரேட்டரும் பாயிண்டும் கொண்ட, மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய வண்டிகளில் அதைப் போதிய அளவு பயன்படுத்திவிட்டதால், அது எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியும். ஒரே அமைப்பில் பல பெயர்களில் விற்கப்படும் நடுத்தர விலைக் கருவி என்பதால், தயாரிப்பாளரின் பெயர் இங்கே முக்கியமில்லை.

வாங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிளாம்ப் மீட்டர் என்ற பெயரில் கிடைக்கும் மலிவான கருவிகள் பலவும், வீட்டு இணைப்பில் வரும் ஏசி மின்னோட்டத்தை மட்டுமே கவ்வி அளக்கக்கூடியவை. டயலில் டிசி வோல்ட் இருக்கிறதே என்று டிசி ஆம்பியரும் வரும் என எண்ணிவிடக் கூடாது. காரில் ஓடும் டிசியை வயரை அறுக்காமல் அளப்பதற்குத் தாடைக்குள் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் இருந்தாக வேண்டும். என்னிடம் உள்ளது 600 ஆம்பியர் வரை காட்டும். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டார் பொதுவாக 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும், டீசல் என்றால் இன்னும் கூடுதலாக இழுக்கும் என்பதால் இந்த வரம்பு தாராளமானது. சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாக இந்த அளவை எடுக்க முயன்றால், சுவிட்சைத் திருப்பிய கணமே உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

வோல்ட் அளப்பதில் இதற்கும் நல்ல மல்டிமீட்டருக்கும் வேறுபாடில்லை. முழுச் சார்ஜுடன் ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் ஏறக்குறைய பாதிச் சார்ஜ். 12-க்குக் கீழே இருந்தால், சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எதைச் சோதித்தும் பயனில்லை. சார்ஜரைக் கழற்றியவுடன் அளந்தால் எண் சற்றுத் தூக்கலாகவே தெரியும் என்பதால், ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்த பின் அளப்பது நல்லது. ஆனால் கிளம்பாத வண்டியைப் பொறுத்தவரை ஓய்வு வோல்டேஜ் பாதிச் செய்திகூட இல்லை. பேட்டரியின் தரமும் கேபிளின் தரமும் சுமை ஏறும்போதுதான் வெளிப்படும். கிளாம்ப் மீட்டரின் அருமை தெரிவதும் அப்போதுதான்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே சொல்கிறேன். புதிய பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட், ஆனால் சாவியைத் திருப்பினால் இன்ஜின் அரைச்சுற்று முனகிவிட்டு நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றி, இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி செய்துவிட்டு, தாடையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளில் மாட்டி, உதவியாளரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். மீட்டர் 70 ஆம்பியரைக் காட்டியது. பேட்டரி முனைகளில் 11.9 வோல்ட் நின்றது. பேட்டரி நன்றாகத் தாங்குகிறதே என்று தோன்றும், ஆனால் அதுதான் கோளாறின் அடையாளம். செல்ஃப் மோட்டார் உரிய மின்னோட்டத்தை இழுத்திருந்தால் பேட்டரி பத்தரை வோல்ட் அளவுக்காவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒன்று மின்னோட்டத்தை மறிக்கிறது என்று பொருள்.

அடுத்து மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தண்டிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, மீண்டும் செல்ஃப் அடிக்கச் செய்தபோது 4.8 வோல்ட் தெரிந்தது. இந்த இடத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. 4.8 வோல்ட்டை 70 ஆம்பியரால் பெருக்கினால் 336 வாட்; அவ்வளவும் எர்த் பாதையில், அதாவது மின்னோட்டம் இன்ஜினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழியில், வெப்பமாகிக்கொண்டிருந்தது. சேஸிஸில் எர்த் பட்டையைப் பிடித்திருந்த போல்ட்டில் கை வைத்தாலே சூடு தெரிந்தது. போல்ட்டைக் கழற்றினால், பட்டையின் கண்ணுக்கும் சேஸிஸுக்கும் இடையில் பெயிண்டும் துருவும் சேர்ந்து ஒரு தோல் போலப் படிந்திருந்தன. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, பட்டையை இறுக்கிய பின் எடுத்த அளவுகள் வேறு: எர்த் இழப்பு 0.15 வோல்ட், மின்னோட்டம் 150 ஆம்பியர், பேட்டரி 10.6 வோல்ட். பழுது நீங்கிய பின் பேட்டரி முன்னைவிடக் கூடுதலாக இறங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே எர்த் பட்டையை ஏற்கனவே ஒருவர் இணைப்பு இருந்தால் ஒலிக்கும் மல்டிமீட்டரின் பீப் ஒலியை வைத்துச் சோதித்து, சரியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார். பீப் ஒலித்தது உண்மைதான். ஆனால் அந்தப் போல்ட்டில் இருந்த தடை 0.07 ஓம் மட்டுமே; மீட்டரின் சொந்த வயர்களுக்கே 0.2 அல்லது 0.3 ஓம் தடை உண்டு. வீட்டு விளக்குக்கு ஒரு பொருட்டே அல்லாத அந்தத் தடை, 150 ஆம்பியர் ஓட வேண்டிய பாதையில் அணையாக நின்றுவிடும். செல்ஃப் சுற்றுக்கு ஓம் அளவீட்டை நம்பாதீர்கள்.

ஆம்பியர் எண்ணை மட்டும் வைத்தே பாதிக் கோளாறுகளைப் பிரித்துவிடலாம். செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சான சாலினாய்டு "டக்" என்று ஒருமுறை அடித்தும் கிளாம்ப் சில ஆம்பியர்களுக்கு மேல் காட்டவில்லை என்றால், சாலினாய்டின் உள்தொடர்பு தேய்ந்திருக்கலாம், அல்லது மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ், சுழலும் பகுதியான கமுடேட்டரைத் தொடாமல் இருக்கலாம். 300-ஐத் தாண்டியும் இன்ஜின் அசையாவிட்டால், மோட்டார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது இன்ஜினைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனோ இன்ஜினோ இறுகிக்கொண்டிருக்கிறது. ஒலியே இல்லை என்றால் கிளாம்புக்கு வேலையில்லை. ஐரோப்பிய வண்டிகளில் 50 என்று பொறிக்கப்பட்டிருக்கும் சாலினாய்டு முனைக்கு, சாவியைத் திருப்பும்போது மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை. அதற்கு 5 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப் இந்த மீட்டரைவிட மேலானது. ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், ஏனென்றால் அது ஏறக்குறைய மின்னோட்டமே இழுப்பதில்லை. பல்பு சுமார் 0.4 ஆம்பியர் கேட்கும். அரைகுறைத் தொடர்பு என்றால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனிக் குறைகள். ஒவ்வொரு முறை ஆம்பியருக்குத் திருப்பும்போதும் இந்த மீட்டர் ஏசியில்தான் தொடங்குகிறது. பட்டனை அழுத்தி டிசிக்கு மாற்ற மறந்தால் செல்ஃப் மோட்டார் எதுவும் இழுக்காதது போன்ற தவறான எண்ணே திரையில் நிற்கும். காருக்கென்றே விளம்பரப்படுத்தப்படும் கருவியில் இப்படி அமைத்தவர் காரைத் தொட்டவராக இருக்க முடியாது. அடுத்து, தாடையைத் திருப்பிப் பிடித்தால்கூட பூஜ்யம் நகர்கிறது. பெரிய மின்னோட்டம் ஒன்றை அளந்த பின் காந்தத்தன்மை சற்றுத் தங்கியும்விடுகிறது. ஆகவே ஒவ்வோர் அளவுக்கும் முன், அளக்கப்போகும் நிலையிலேயே வைத்து ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும். குறைந்தபட்ச அளவைப் பதிவுசெய்யும் வசதியும் மந்தமானது; செல்ஃப் பிடிக்கும் முதல் கணத்தின் வீழ்ச்சியைத் தவறவிட்டுவிடுகிறது. மூன்று நான்கு விநாடிகள் தொடர்ந்து செல்ஃப் அடித்தால்தான் நம்பத்தக்க எண் கிடைக்கும். ஒரே மூச்சில் பத்து விநாடிகளைத் தாண்டாமல், இடையிடையே மோட்டாரை ஆறவிடவும் வேண்டும்.

இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கும் கோளாறுக்கு இதை வாங்க நினைப்பவர்கள் மறுபடி யோசிக்க வேண்டும். 10 மில்லியாம்பியர் வரை பிரித்துக் காட்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், பூஜ்யம் நகரும் அளவே அதைவிடக் கூடுதல். மின்னணுக் கருவிகள் இல்லாத பழைய காரில் ஓய்வுநிலை மின்னோட்டம் கடிகாரத்தைத் தவிர ஏறக்குறைய இல்லாமலே இருக்க வேண்டும். 50 மில்லியாம்பியர் ஒழுகினாலும் அது காரணம் தேட வேண்டிய அளவுதான். அதற்கு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, தொடரில் சாதாரண மல்டிமீட்டரை இணைப்பதே சரியான வழி. இணைத்திருக்கும்போது யாரும் சாவியைத் தொடக் கூடாது.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாத வண்டிகளில் இந்தக் கருவியின் பங்கு சிறியது. காயிலின் பிரைமரி (மின்சாரம் நுழையும்) சுற்றின் தடை, மின்னோட்டத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டருடன் வரும் வகையில் 1.5 ஓம் அளவிலும், அது இல்லாத வகையில் 3 ஓம் அளவிலும் இருக்கும். வயர்களின் தடையைக் கழித்துக்கொண்டால் இந்த அளவை எடுக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது பற்றிக்கொண்டு, சாவியை விட்டதும் அணைந்துவிடும் வண்டியில் பேலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி. சுற்றும்போது மட்டும் மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு நேராகக் காயிலுக்குப் போவதுதான் காரணம். ஸ்பார்க் பிளக் பக்கம் மீட்டரைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே இருப்பது பல்லாயிரம் வோல்ட்.

தாடை தடிமனாக இருப்பதால், கேபிள்கள் நெருக்கமாக ஓடும் இடங்களில் ஒன்றை மட்டும் பிரித்துக் கவ்வுவது சிரமம். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று நீக்கிப் பூஜ்யமே தெரியும். பேட்டரியிலிருந்து செல்ஃப் வரை கேபிளைத் தொடர்ந்து பார்த்தால் எப்படியும் ஒரு கை நீளம் தனியாக ஓடும் இடம் கிடைத்துவிடும். பாசிட்டிவ் எர்த் கொண்ட பழைய பிரிட்டிஷ் கார்களில் மேற்சொன்ன எர்த் சோதனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தண்டிலிருந்து தொடங்க வேண்டும். அளவுகளும் வரம்புகளும் அவையே.

செல்ஃப் சுற்றின் கோளாறுகளுக்காக மட்டும் என்றால் இதைத் தயங்காமல் வாங்கலாம். பெட்டியில் வரும் வயர்கள் விறைப்பானவை, முனைகளில் கவ்விகளும் இல்லை. ஒருவர் தனியாகவே வோல்டேஜ் இழப்பை அளப்பதற்கு வசதியாக, சிலிக்கான் உறை போட்ட நீண்ட வயரும் முதலைக் கவ்விகளும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.